முப்பத்தொன்பது, தொடாதே

…இல்லை, என் கணினியில் ஒரு கோளாறும் இல்லை, நூறு தடவை சொல்லியாயிற்று, நூற்றோராவது தடவையும் சொல்வேன், என்று ஆர்டிஸ் காபிக் கோப்பையை மேசையில் ஓங்கி வைத்தாள், தளும்பியது விரலில் பட்டது, சுட்டது, சுடட்டும், மூன்று வாரமாக வேலையில்லாத விரல்தானே. எதிரே மடிக்கணினியில் தகரவாயன் இன்னும் படித்து முடித்தபாடில்லை. திரையில் வருகிற எழுத்தையெல்லாம் வாசித்துச் சொல்லும் இயந்திரக் குரலுக்கு அவள் வைத்த பெயர் அது, மூக்காலேயே பேசுவான், தகரக் கூரையில் மழை பெய்கிற வேகத்தில் பேசுவான், கேட்கிறவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள், ஆர்டிஸுக்கு மட்டும் அந்த மழையில் ஒவ்வொரு துளியும் தனித்தனியாக விழும். பிறவியிலேயே கண் இல்லாதவள், ஐம்பத்தெட்டு வயது, காது பழகிவிட்டது. பிழை, என்றான் தகரவாயன். பிழை, பிழை, முந்தைய பிழைகளால் கம்பைல் நின்றது, எழுதின நிரலைக் கணினி ஓட்டக்கூடியதாகக் கட்டும் வேலை அது. எத்தனையாவது முறை? காலை ஆறு மணியிலிருந்து பதினான்கு. இப்போது ஒன்பதரை. பகல் இரண்டு மணிக்கு அவள் அலுவலகத்தில் இருந்தாக வேண்டும், இந்தக் கருவியோடு, கருவி உயிரோடு.

கருவி மடியில்தான் கிடந்தது, ஒரு பிரெயில் பட்டை, முழங்கை நீளம், மேலே வரிசையாக நாற்பது கட்டங்கள், கட்டத்துக்கு எட்டு ஊசி, திரையில் ஒரு வரி வந்தால் இங்கே ஊசிகள் எழும்பி விரலுக்கு அந்த வரியைச் சொல்லும். சொல்லிக்கொண்டிருந்தது. செய்த கம்பெனி மூடி ஒன்பது வருஷம் ஆகிவிட்டது, பட்டை மூடவில்லை. தகரவாயன் இருக்கிறானே, விரலும் எதற்கு என்று ட்ராவிஸ் கேட்டான், கேட்பான், முப்பத்துநாலு வயது, கம்பெனியை வாங்கி எட்டு மாதம், பனியில் சறுக்கின வண்டிகளை இழுத்துவரும் தொழிலில் அலுவலக நாற்காலி எப்படிப்பட்டது என்று அவனுக்கு என்ன தெரியும். இடது காதில் போன், பள்ளத்தில் வண்டியை விட்டவன் கத்துவான். வலது காதில் ரேடியோ, ஓட்டுநர்கள் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். இரண்டு காதும் அடைந்துவிட்டால் தகரவாயனை எந்தக் காதில் வைப்பது? மூன்றாவது காது அவள் விரல். அந்த நாற்காலியில் இருபத்திரண்டு வருஷம், அதில் பதினோரு வருஷம் இந்தப் பட்டையோடு, ஒரு வண்டியையும் தப்பான ஊருக்கு அனுப்பினதில்லை. ட்ராவிஸ் புது புரோகிராம் கொண்டுவந்தான், அது புது பிரௌசர் கேட்டது, பிரௌசர் கணினியை ஓட்டுகிற லினக்ஸையே புதுப்பிக்கச் சொன்னது, புதுப்பித்தாள், அன்றைக்குப் பட்டை படுத்தது. நாற்பது கட்டமும் மொட்டை. “ஆர்டிஸ், தப்பா எடுத்துக்காதீங்க,” என்றான் ட்ராவிஸ், நல்ல பையன்தான், அதுதான் வயிற்றெரிச்சல், கெட்டவனாக இருந்தால் சண்டையாவது போடலாம். “வெள்ளிக்கிழமை ரெண்டு மணிக்கு வாங்க, நிஜ போனை எடுங்க, நான் பக்கத்துல உட்கார்றேன். முடிஞ்சா நாற்காலி உங்களுது. முடியலைன்னா வரவேற்புல ஒரு இடம் போட்டுத் தரேன்.” வரவேற்பு! வருகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிற வேலை. யாரைப் பார்த்து?

கீழே ஏரியில் ஒரு கப்பல் ஊதியது, நீளமாய் ஒன்று, குட்டையாய் இரண்டு, டிசம்பர் முடிவதற்குள் இரும்புத் தாதுவை ஏற்றிக்கொண்டு ஓடிவிட வேண்டும் அதற்கு, உடனே தூக்குப் பாலமும் அதே மாதிரி திருப்பி ஊதியது. பாருங்கள், ஒரு பாலத்துக்குத் தெரிகிறது கூப்பிட்டால் பதில் சொல்ல வேண்டுமென்று. ஓரினுக்கு இரண்டு நாள் ஆகும். எங்கேயோ ஹாலிஃபாக்ஸ் நகரத்தில் உட்கார்ந்துகொண்டு உலகத்தில் உள்ள பிரெயில் பட்டைகளுக்கெல்லாம் சும்மா, காசு வாங்காமல், நிரல் எழுதுகிறவன், அவனுக்கும் கண் கிடையாது, அதனால்தான் அவன் எழுதினது அப்படிச் சுட்டது. அவளுடைய பழைய பட்டைக்கென்றே ஒரு திருத்தம் எழுதிப் போட்டிருந்தான், இன்னும் வெளியீட்டில் வரவில்லை, மூலநிரலை இறக்கி நீங்களே கம்பைல் செய்துகொள்ளுங்கள் என்றான், சரி என்றாள், செய்தாள், நின்றது. எழுதினாள். பதில் வந்தது. “எனக்கு இங்க ஒழுங்கா கம்பைல் ஆகுது. உங்க மெஷின்லதான் ஏதோ இருக்கு. எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா போட்டுப் பாருங்க.” என் மெஷினில்! இதே வாக்கியத்தை எத்தனை பேர் வாயால் கேட்டிருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு வராது, உன்னிடம்தான் ஏதோ இருக்கிறது. பாங்கு இயந்திரம் பேசாது, எல்லோருக்கும் நன்றாகத்தான் இருக்கிறது, உங்களுக்கு மட்டும்… பேருந்து நிறுத்தத்தை மாற்றி வைத்துவிட்டு, நீங்கள்தான் கவனிக்கவில்லை. ஐம்பத்தெட்டு வருஷமாக உலகம் செய்கிற கோளாறையெல்லாம் தன் தலையில் கட்டப் பார்த்தவர்களிடம் இல்லை, இல்லை, உன் பக்கம் பார் என்று சொல்லிச் சொல்லியே முதுகெலும்பு வளர்ந்தவள் அவள், இப்போது தன் இனத்தான் ஒருவனே… திரும்ப எழுதினாள், சூடாகவே எழுதினாள். என் கணினி சுத்தம். பட்டையோடு பேசும் துணை நிரல் புதுசு, பதிப்பு எண் இதோ. உங்கள் திருத்தத்தைத் திரும்பப் பாருங்கள். அனுப்பி இரண்டு நாள். பாலம் ஊதவில்லை.

அழித்துவிட்டுப் போடுவதாம். வீட்டைக் கொளுத்திவிட்டுக் குடிவருவது போல. இந்தக் கணினிக்குள் இருப்பது பதினோரு வருஷம், மூன்று பெட்டி மாறியும் உள்ளிருப்பதை அப்படியே தட்டுமுட்டுச் சாமானோடு ஏற்றி இறக்கிக்கொண்டு வந்திருக்கிறாள், ஒரு பொட்டணம் விடாமல். பதினோரு வருஷத்துக்கு முன் பார்வையற்றோர் உதவி அலுவலகத்தில் ஓர் அம்மாள், குரலில் சர்க்கரைப் பாகு, லினக்ஸெல்லாம் நாங்கள் ஆதரிப்பதில்லை கண்ணு, எல்லோரும் வைத்திருப்பதையே தருகிறோம், வாங்கிக்கொள் என்றாள். வாங்கவில்லை. பட்டை ஒன்றை யாரோ விற்றார்கள், பழசு, மூலையில் கீறல், அதை வாங்கிக்கொண்டு வந்து ஒரு பிப்ரவரி முழுவதும் உட்கார்ந்து, மூலநிரல் என்றால் என்ன என்றே தெரியாமல் தொடங்கி, தானே கம்பைல் செய்து, தானே நிறுவி, கடைசியில் ஒரு காலை ஊசிகள் எழும்பியபோது காட்டரிசி சூப் அடுப்பில் தீய்ந்து வீடெல்லாம் நாற்றம், அவள் அழுதாளா சிரித்தாளா, ஞாபகம் இல்லை, ஜன்னலைத் திறந்தது மட்டும் ஞாபகம். அந்த மெஷினையா அழிக்கச் சொல்கிறாய்?

போன் அதிர்ந்தது. லைல். இருபத்திரண்டு வருஷமாக வலது காதில் இருக்கிற குரல், கம்பெனியில் முதல் வண்டி ஓட்டுகிறவன், ரேடியோவில் பேசிப் பேசியே சேர்ந்து கிழடாகிப் போனவர்கள். “என்ன ஆர்டிஸ், பொங்கிச்சா இல்ல அடிப்பிடிச்சுதா?” அடிப்பிடிச்சுது, போனை வை, என்றாள். “வைக்கிறேன் வைக்கிறேன். ஒண்ணேகாலுக்கு வாசல்ல ஹார்ன் அடிப்பேன். நீ ரெடியா இல்லைன்னு வை, உன்னையும் நாற்காலியையும் சேர்த்துப் பின்னாடி மாட்டி இழுத்துட்டுப் போயிருவேன். அதுதானே நம்ம பொழப்பு.” அப்புறம் குரல் கொஞ்சம் இறங்கியது, “ஏய், நிஜமா ஆகலைன்னா என்ன பண்ணுவ?” ஆகும். “ஆகலைன்னா?” ஆகும்னு சொன்னேன்ல, கிழட்டு மாடே. சிரித்துக்கொண்டே வைத்தான். ஆகாவிட்டால்? ஆகாவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து அந்த வலது காதில் யாரும் இல்லை, அவ்வளவுதான், வேறென்ன.

மறுபடி. கம்பைலைத் தொடங்கும் கட்டளை, மேக் என்று தட்டினாள். தகரவாயன் ஓட ஆரம்பித்தான், வரி வரியாய், கோப்பு பெயர், கோப்பு பெயர், பிறகு எச்சரிக்கை, பிழை பிழை பிழை, நின்றது. கடைசிப் பிழை என்ன? ‘மூடும் அடைப்புக்குறிக்கு முன் ஏதோ எதிர்பார்க்கப்பட்டது.’ அதைத்தான் காலையிலிருந்து குடைகிறாள், அந்த வரியில் எல்லாம் சரியாகவே இருக்கிறது, ஓரினுடைய அடைப்புக்குறி ஒழுங்காகத்தான் மூடுகிறது… ஏன் கடைசியிலிருந்தே பார்க்கிறாய்? ஓட்டம் நின்றதும் தகரவாயன் நிற்கிற இடம் அதுதான், அதனால். கண் உள்ளவர்கள் மேலே போய்ப் பார்ப்பார்கள், அவளும் போகலாம், எல்லாவற்றையும் ஒரு கோப்பில் பிடித்துவைத்து மேலிருந்து கேட்கலாம், தெரியாததல்ல, கோபத்தில் செய்யவில்லை. கோபம் எப்போதும் கடைசியாகச் சொன்னவனைத்தான் பிடிக்கும். பிடித்துவைத்தாள். முதல் பிழை, நானூற்றுப் பதினோராவது வரி. தகரவாயனை நிதானமாகப் பேசச் சொன்னாள், அவனுக்கு அது பிடிக்காது, போதையேறியவன் போல இழுப்பான். ‘பட்டை… என்கிற… அமைப்பில்… அப்படி… ஒரு… உறுப்பு… இல்லை.’ இல்லையா? புதுத் துணை நிரலில் இருக்கிறதே, பட்டையையும் கணினியையும் பேசவைக்கிற அந்தத் துணை நிரலைத்தான் நேற்றும் முந்தாநாளும் சரிபார்த்தாளே, அந்த உறுப்பு அங்கே குத்துக்கல் மாதிரி இருக்கிறதே. இருக்கிறது என்று இவள் சொல்கிறாள், இல்லை என்று நிரலைக் கட்டுகிற கம்பைலர் சொல்கிறது. அப்படியானால்… அப்படியானால் இரண்டு பேரும் ஒரே கோப்பைப் பற்றிப் பேசவில்லை.

காபி ஆறிப்போயிருந்தது, ஒரே மடக்கில் குடித்தாள். நீ எந்தெந்தக் கோப்பைத் திறக்கிறாயோ அதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போ என்று கம்பைலருக்கு ஒரு கட்டளை உண்டு, அதைச் சேர்த்து ஓடவிட்டாள். தகரவாயன் ஒவ்வொரு கோப்பும் இருக்கிற இடத்தோடு பட்டியலை வாசித்தான், யூஸர், இன்க்லூட், யூஸர், இன்க்லூட், யூஸர், இன்க்லூட், யூஸர், லோக்கல்… நில். திரும்பச் சொல். யூஸர், லோக்கல், இன்க்லூட். அந்த லோக்கல் என்பது பரண். லினக்ஸ் தானாக அங்கே ஒன்றும் வைக்காது, புதுப்பிக்கும்போது தொடவும் தொடாது, வீட்டுக்காரன் தன் கையால் நிறுவினதை வைக்கிற இடம், ஆனால் கம்பைலர் எதைத் தேடினாலும் முதலில் பரணில்தான் கை விடும், கிடைத்துவிட்டால் அப்புறம் புதுசு எங்கே இருக்கிறதென்று பார்க்காது. பரணில் அதே பெயரில் ஒரு கோப்பு. தேதி? பதினோரு வருஷத்துக்கு முந்தின பிப்ரவரி. தீய்ந்த சூப்பின் நாற்றம் மூக்கில் அடித்தது, நிஜமாகவே அடித்தது. என் மெஷினில்தான் இருந்தது. நானேதான் வைத்தேன். மூன்று பெட்டி மாற்றித் தூக்கிக்கொண்டும் வந்தேன்.

வெட்கமா? வெட்கப்பட நேரமில்லை, பதினொன்றே முக்கால். கோப்பைத் திறந்தாள். தகரவாயன் மூக்கால் படித்தான், நடுவில் ஒரு வரி, நிரல் இல்லை, பேச்சு, யாரோ தனக்குத்தானே எழுதிவைத்த குறிப்பு: ‘முப்பத்தொன்பது. தொடாதே. வேலை செய்கிறது. ஆர்டிஸ்.’ இன்னொரு தடவை கேட்டாள். முப்பத்தொன்பதாம்! நாற்பது கட்டம் உள்ள பட்டைக்கு முப்பத்தொன்பது என்று எழுதி, எழுதினதுமில்லாமல் தொடாதே என்று கட்டளை வேறு, எண்ணவே தெரியாமல் எவ்வளவு அதிகாரம் இந்தப் பெண்பிள்ளைக்கு! சிரிப்பு வந்தது, வாய்விட்டே சிரித்தாள், காலியான சமையலறையில் அது வேறு யாரோ சிரிக்கிற மாதிரி கேட்டது. நாற்பத்தேழு வயது அப்போது, கோபக்காரி, எவர் சொல்லையும் கேட்காதவள், அவளுடைய கையெழுத்தைத்தான் இத்தனை நாளும் ஓரினுடைய தப்பு என்று அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். தொடாதேயா? தொடுகிறேன் பார். அன்றைய தேதியில் பரணில் என்னென்ன இருக்கிறதென்று தேடச் சொன்னாள், நான்கு கோப்புகள். அழிக்க விரலை வைத்தாள்… விரல் இறங்கவில்லை. ஏன்? உதவி அலுவலகத்து அம்மாளின் சர்க்கரைக் குரலுக்கு அவள் கொடுத்த பதில் இந்த நான்கு கோப்புதான், வேறு பதில் அவளிடம் எப்போதும் இருந்ததில்லை. சரி, அழிக்க வேண்டாம். ‘பழசு’ என்று ஓர் உறையைத் திறந்து நாலையும் அதற்குள் தள்ளினாள். கம்பைலருக்கு இனி அந்த வழி தெரியாது, போதும்.

முன்பு கட்டினதையெல்லாம் துடைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டாள், பாதி பழசு பாதி புதுசாக ஒட்டிக்கொள்ளக் கூடாது. நானூற்றுப் பதினோராவது வரி வந்தது, போனது. அடைப்புக்குறி வந்தது, முனகாமல் போனது, முதல் பிழை ஒழிந்ததும் அதன் பிள்ளைகள் இருபதும் தாமே ஒழிந்தன. நிறுவினாள். பட்டையைச் செருகினாள். ஒன்று, இரண்டு, மூன்று நொடி… மடியில் ஒரு சலசலப்பு, உலர்ந்த இலையில் காற்று போன மாதிரி, ஊசிகள் எழும்பின. விரலை வைத்தாள். கட்டளை கேட்டுக் காத்திருக்கிற வரி, அவள் பெயரில் தொடங்குகிறது, ஆர்டிஸ். தன் பெயரை யார் எழுத்தெழுத்தாகப் படிக்கிறார்கள்? தொட்டதும் தெரிகிறதே. இருக்கிறாயா, என்று பட்டையைக் கேட்டாள். ஓரினுக்கு எழுத வேண்டும், அப்புறம், இப்போதில்லை, இப்போது முகம் கழுவ வேண்டும். மணி ஒன்றேகால். வாசலில் லைலின் ஹார்ன் ஊரையே எழுப்பியது, நீளமாய் ஒன்று, குட்டையாய் இரண்டு, கப்பல் என்று நினைப்பு அவனுக்கு. இவள் ஜன்னலைத் திறந்து பனியில் தலையை நீட்டி, வரேன் வரேன், என்று பாலம் மாதிரி திருப்பிக் கத்தினாள்.

அலுவலகத்தில் டீசலும் நனைந்த கம்பளமும் யாரோ சுட்டுக்கொண்டுவந்த ஆப்பிள் கேக்கும் மணத்தன. அவளுடைய நாற்காலி, கைப்பிடியில் அவளுடைய தேய்மானம், மேசையில் வீட்டிலிருந்து கொண்டுவந்த அதே மடிக்கணினி, பக்கத்தில் பட்டை. அவளை இறக்கிவிட்டுவிட்டு லைல் வடகரைச் சாலைக்குப் போய்விட்டான், பனி வலுத்திருந்தது. ட்ராவிஸ் பக்கத்தில் உட்கார்ந்தான், நாற்காலி கிறீச்சிட்டது, புதினா மெல்லுகிறான், பதற்றம்போல, அவனுக்கென்ன பதற்றம். முதல் அழைப்பு, பாட்டரி இறந்த வண்டி, இரண்டு நிமிஷம். இரண்டாவது, சாவியை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டவன், ஒன்றரை நிமிஷம், போகிறபோது அவனைச் சிரிக்கவும் வைத்தாள். இதோ இருக்கிறேன் பார், இடது காது, வலது காது, விரல். மூன்றாவது ஒரு பெண், வண்டி சறுக்கிப் பள்ளத்தில், பின்னால் குழந்தை அழுகிறது, அவளும் அழுகிறாள், எங்கே இருக்கிறேன் என்றே சொல்லத் தெரியவில்லை, பரவாயில்லை, போன் தானாக இடத்தை அனுப்பிவிடும், புரோகிராமில் வரியின் தலையிலேயே மைல்கல் எண் வரும். விரல் ஓடியது. ஒன்பது. லைல், மைல் ஒன்பது, வலதுபக்கப் பள்ளம், குழந்தை இருக்கு, ஓடு. “ஒன்பதா? இப்பத்தானே தாண்டினேன், ஒரு குருவிகூட இல்ல அங்க.” திரும்பிப் போய்ப் பாரு. “சரி, திரும்பறேன்.” இடது காதில் அந்தப் பெண், “எதிர்ல ஒரு பலகை மட்டும் தெரியுது… புகைபோட்ட மீன்னு எழுதியிருக்கு…” ஆர்டிஸின் விரல் நின்றது. மீன் கடை ஒன்பதில் இல்லை. இருபத்திரண்டு வருஷமாக எத்தனை வண்டியை அந்தக் கடை வாசலிலிருந்து தூக்கியிருக்கிறாள், அது இருப்பது பத்தொன்பதில்.

விரலை இடதுபக்கம் நகர்த்தினாள். ஒன்பதுக்கு முன்னால் இன்னொரு கட்டம் இருந்தது, முதல் கட்டம், கீறல் விழுந்த மூலையில். எட்டு ஊசியும் செத்துப்போய் வழவழவென்று கிடந்தது. வாங்கும்போதே செத்திருந்தது. அதனால்தான் முப்பத்தொன்பது… அதை விட்டுவிட்டு இரண்டாவதிலிருந்து எழுது என்று அந்தப் பிப்ரவரியில் நிரலுக்குச் சொல்லிவைத்தாள், பிறகு மறந்தே போனாள், விரல் மட்டும் மறக்காமல் பதினோரு வருஷமாக இரண்டாவது கட்டத்திலிருந்தே படித்துக்கொண்டு வந்திருக்கிறது. ஓரினுடைய நிரலுக்கு அது தெரியாது, முதல் கட்டத்திலிருந்தே எழுதிற்று, பத்தொன்பதின் ஒன்று அந்தச் செத்த கட்டத்தில் விழுந்து காணாமல் போனது. “லைல், நில்லு! திரும்பாதே. பத்தொன்பது. மீன் கடைக்கு எதிர்ல. தப்பு என்னுது.” “அப்படிச் சொல்லு, அதானே பார்த்தேன்!” என்ஜின் உறுமிற்று. அம்மா, உங்களுக்கு வண்டி வந்துட்டிருக்கு, ஹீட்டரைப் போட்டுக்குங்க, குழந்தையை மடியில வெச்சுக்குங்க, நான் லைன்லயே இருக்கேன், என்று இடது காதுக்குச் சொன்னாள், இருந்தாள், பதினோரு நிமிஷம், லைலின் கதவு திறக்கிற சத்தம் இரண்டு காதிலும் ஒன்றாகக் கேட்கிறவரை.

போனை வைத்ததும் ட்ராவிஸ் புதினாவை மெல்லுவதை நிறுத்தினான். “என்ன ஆச்சு ஆர்டிஸ்? நம்ம புரோகிராம் தப்பாக் காட்டிச்சா?” மெதுவாகத்தான் கேட்டான், கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறவன் மாதிரி. ஆமாம் என்றால் போதும். நம்புவான். ஐம்பத்தெட்டு வருஷமாக எல்லோரிடமும் சொன்ன பதில்தானே, இன்னும் ஒரே ஒரு தடவை… “உங்க புரோகிராம் சரியாத்தான் காட்டிச்சு,” என்றாள். “என் பட்டையில முதல் கட்டம் செத்துப்போச்சு. எனக்குத் தெரியாம இல்ல, மறந்துட்டேன். இப்ப தெரியும். ராத்திரிக்குள்ள சரி பண்ணிருவேன், அதுவரைக்கும் எண்ணை வாய்விட்டுக் கேட்டு வாங்கிக்கறேன். நாற்காலியை விட்டு எழுந்திருக்கறதா இல்ல. அடுத்த போனைத் தள்ளுங்க.” ட்ராவிஸின் முகம் என்ன செய்கிறதோ, அதைப் படிக்கிற பட்டையை இன்னும் யாரும் செய்யவில்லை. நாற்காலி கிறீச்சிட்டது, எழுந்தானா, சாய்ந்தானா. ஏன் என்று எழுதிவைக்காமல் தொடாதே என்று மட்டும் எழுதினவள் ஒருத்தி, ஏன் என்று கேட்காமல் தொட்டவள் ஒருத்தி, இரண்டு பேரும் நான்தானே, இதில் யாருக்காக இத்தனை நாளும் சண்டை போட்டேன்… ஓரினுக்கு என்ன எழுதுவது? என் மெஷினில்தான் இருந்தது, ஆனால். ஆனால் என்று போட்டுவிட்டு அடுத்து என்ன? போன் அடித்தது. இடது கை எடுத்தது, வலது கை பட்டைக்குப் போனது, வழவழப்பான அந்த முதல் கட்டத்தின் மேல் ஒரு கணம் நின்று, யாரும் சொல்லாமலே, இரண்டாவதுக்கு நகர்ந்தது.